பலராமின் பூட்ஸ்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒரு மத்தியானம் டி.வி.யில் ‘மைதான்’ என்ற இந்திப் படத்தைப் போட்டான். 1950, 60களின் இந்தியக் கால்பந்து அணியையும் அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமையும் பற்றிய படம். 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்து, “தாத்தா, இந்த பலராம்னு ஒருத்தர் வர்றாரே, நிஜமாவே இருந்தவரா?” என்று கேட்டான்.

“இருந்தவர்தான். தமிழ்க் குடும்பம்டா” என்றேன். அவன் நம்பவில்லை. இந்தத் தெருவிலே கேட்டாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் நம்ப மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துளசிதாஸ் பலராம் 1936-இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற இடத்தில் பிறந்தார். தாய் தந்தை இருவரும் தமிழர்கள். செகந்திராபாத் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள ஊர். மதராஸ் பட்டாளத்தோடு சிப்பாய்களும் கைத்தொழில்காரர்களும் வியாபாரிகளுமாகத் தமிழர்கள் பலர் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பட்டாளம் இருக்கும் இடத்தில் மைதானம் இருக்கும், மைதானம் இருந்தால் பந்து இருக்கும். வீட்டில் காசில்லாத பையனுக்கும் அந்த ஆட்டம் மட்டும் கிடைத்தது.

இங்கே பூட்ஸ் சமாசாரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948 லண்டன் ஒலிம்பிக்கில், நம் அணி பிரான்சோடு மோதியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். நம் ஒரே கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. அதன் பிறகுதான் பெரிய ஆட்டங்களில் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது.

விதி போட்டுவிட்டார்கள். பூட்ஸ் வாங்கப் பணம்? பலராம் பதினெட்டு வயதுப் பையன். பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. செருப்புத் தைக்கிறவரிடம் போய்க் கேட்டார். பழைய போலீஸ் பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்தால் அதைப் பந்தாட்ட பூட்ஸாக மாற்றித் தருகிறேன் என்றார் அவர். பையன் எப்படியோ ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்தான்.

ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போலீஸ் பூட்ஸ் என்றால் தடித்த தோல், கெட்டி அடி, இரும்பாக இறுகிய முனை. அந்தக் காலத்துப் பந்தாட்ட பூட்ஸின் அடியில் தோலைச் சின்னச் சின்னக் குமிழ்களாக வெட்டி ஆணியால் அடிப்பார்கள். தேயத் தேய ஆணி உள்ளே ஏறிக் காலைக் குத்தும். பந்தும் தோல்தான். மழையில் ஊறினால் கல்லாகக் கனக்கும். அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் பலராம் பெரிய ஆட்டத்துக்குள் நுழைந்தார்.

அவரைக் கண்டெடுத்தவர் ரஹீம். ஹைதராபாத் போலீஸ் அணியை நாடே பேசும்படி வளர்த்த மனிதர். பயிற்சிக்கு வா என்று கூப்பிட்டதற்கு, செகந்திராபாத்திலிருந்து வந்து போகக் காசில்லை என்றான் பையன். சைக்கிள் வாடகையை ரஹீமே கொடுத்தார் என்பார்கள். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1956-இல் சந்தோஷ் கோப்பையை வென்ற ஹைதராபாத் அணியில் பலராம் இருந்தார். அதே வருஷக் கடைசியில், இருபது வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய், நான்காம் இடம் பிடித்தோம். இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் நாம் எட்டிய உயரம் அதுதான்.

1957-இல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். இன்றைக்குப் பந்தாட்டக்காரர்கள் கோடிகளில் ஒப்பந்தம் போடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை. கிளப்பில் ஆடுவது பெயருக்கு. சோற்றுக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில், ஊறிய பந்தோடு ஆட வேண்டும். இடது ஓரத்திலும் ஆடுவார், உள்ளே நடுவிலும் ஆடுவார். கோல் அடிக்கவும் தெரியும், மற்றவனை அடிக்க வைக்கவும் தெரியும். ஈஸ்ட் பெங்காலுக்காக நூறு கோலுக்கு மேல் போட்டார். 1961-இல் அவர் தலைமையில் அந்த அணி லீக் பட்டத்தை வென்றது. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்ன காலம் அது.

1960-இல் ரோம் ஒலிம்பிக். வலுவான ஹங்கேரியோடு 1-2 என்று தோற்றோம். நமக்கு அந்த ஒரு கோல் பலராம் அடித்தது. அந்த ஹங்கேரிதான் கடைசியில் வெண்கலம் வாங்கியது. அடுத்த ஆட்டம் மறுபடியும் பிரான்ஸ். பி.கே. கோல் போட்டார். ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது அவர்கள் சமன் செய்தார்கள். 1-1.

இந்த ஆட்டம் எனக்கு நினைவில் நிற்கக் காரணம் உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். 1954-இலேயே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும் சட்டப்படி ஊர் இன்னும் பிரான்சுடையதுதான். எங்கள் வாத்தியார் ஒருநாள் பாடத்துக்கு நடுவே, ‘மாட்ச் நுல்’ என்றார். வெற்றி தோல்வி இல்லாத ஆட்டத்துக்கு பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள். ‘நுல்’ என்றால் ஒன்றுமில்லை என்றும் அர்த்தம். எங்களுக்கோ அது ஒன்றுமில்லாததாகப் படவில்லை. மணி அடித்ததும் வெளியே ஓடி வந்து கத்தினோம். யாருக்காகக் கத்தினோம் என்று எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அந்தச் சட்டச் சிக்கலும் தீர்ந்தது. அதிலிருந்து பத்தொன்பதாம் நாள், செப்டம்பர் 4, ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி நம்முடையது. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றோம். இரண்டு ஆட்டத்திலும் பலராம் கோல் போட்டார். அரையிறுதியில் தென் வியட்நாம். இறுதியில் மீண்டும் அதே கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை நம் நாட்டு அதிகாரி சோந்தி எதிர்த்துப் பேசியதால் ஊரே நம்மேல் கோபமாக இருந்தது. மைதானம் நிறைந்த கூட்டமும் நமக்கு எதிராகவே கூச்சல் போட்டது. அந்த இரைச்சலில் பி.கே. ஒரு கோல், அடிபட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1. தங்கம். கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அந்த வருஷமே பலராமுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

அடுத்த வருஷம் எல்லாம் முடிந்துபோயிற்று. பெங்கால் நாக்பூர் ரயில்வேக்குப் போன பலராமுக்கு நுரையீரல் உறையில் நோய். ஆடக்கூடாது என்றார்கள் டாக்டர்கள். இன்னும் ஆடுகிற வயதுதான். அதே 1963 ஜூன் மாதம் ரஹீமும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மெல்போர்னிலிருந்து கணக்குப் போட்டால் ஏழு வருஷம். அவ்வளவுதான் அவருடைய ஆட்ட வாழ்க்கை.

பிறகு அறுபது வருஷம் உயிரோடிருந்தார். கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரை உத்தர்பாராவில், கல்யாணம் காட்சி இல்லாமல் தனியாக. தான் உழைத்த கிளப்போடு மனஸ்தாபம் உண்டு என்பதையும் மறைத்ததில்லை. சுனி கோஸ்வாமிக்கு 1983-இல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990-இல். மூவரில் மூன்றாமவருக்கு மட்டும் வரவேயில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. 2020-இல் பி.கே.வும் சுனியும் ஒரே கோடையில் போனார்கள். 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி இவரும் போனார்.

முப்பத்திச் சொச்சம் வருஷம் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். கோப்பு தானாக நகராது. யாராவது பின்னாலேயே போக வேண்டும். பத்ம விருதுக்கும் யாராவது பரிந்துரைக்க வேண்டும். அதன் விதிகளில் இன்னொன்றும் உண்டு. இறந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை; மிகவும் தகுதியானவராக இருந்து, அறிவிக்கும் குடியரசு தினத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தால் பரிசீலிக்கலாம். பலராமுக்கு அந்தக் கதவு 2024 ஜனவரி 26-ஆம் தேதி வரை திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, படம் வெளிவந்தது. அவர் பெயர் மறுபடி நாடெங்கும் கேட்டது.

அவரை வங்காளிகள் தங்கள் ஆட்டக்காரர் என்றார்கள், ஹைதராபாத்காரர்கள் தங்கள் பையன் என்றார்கள். நாம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நம் பக்கத்துத் தோல் ஷாப்புகளிலிருந்தும் ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்தும் உலகமெல்லாம் காலணி போகிறது. பழைய போலீஸ் பூட்ஸைத் திருத்தி மாட்டிக்கொண்டு ஒலிம்பிக் வரை போன ஒரு தமிழனின் பெயர் மட்டும் நமக்குத் தெரியாது. எனக்கே முழுக்கத் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அவர் இறந்த செய்தியைப் படித்த பிறகுதான் நானும் தேடித் தெரிந்துகொண்டேன். பத்து வயதில் கத்தியவன், எழுபது தாண்டித்தான் விசாரித்திருக்கிறேன்.

படம் முடிந்ததும் பேரனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன் சாயங்காலம் மைதானத்துக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். பிளாஸ்டிக் அடி, இறகு மாதிரி எடை.

“தாத்தா, அவர் போட்டிருந்தது எவ்வளவு கனம் இருக்கும்?”

பரணிலிருந்த என் பழைய தோல் பூட்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தான். திருப்பித் தரும்போது, “பலராம்” என்று ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.