நிறுத்தக்குறிகள் வந்த வழி

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் உள்ளது. 1025ஆம் ஆண்டளவில் அவன் கடற்படை வென்ற ஊர்களுள் ஒன்றாகக் கடாரம் அதில் பேசப்படுகிறது. இன்றைய கெடாவே அக்கடாரம் என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. அக்கல்லில் காற்புள்ளியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டவாறே ஓடுகின்றன. அதே கெடாவில் இன்று தமிழ்ப்பள்ளி மாணவன் ஒரு கதை எழுதினால், விடுபட்ட குறிகளை ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கிறார். குறியின்றி வாழ்ந்த மொழிக்குக் குறி எப்போது தேவைப்பட்டது? எதற்காகத் தேவைப்பட்டது?

பழந்தமிழுக்குக் குறிகள் வேண்டியிராமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எழுதிய பொருள். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலின் மெய்யெழுத்தின் புள்ளியையே பலர் இடாது விட்டனர். மற்றொன்று, மொழியின் இயல்பு. எ, யா, ஆ, ஏ, ஓ என வினாவெழுத்துகள் ஐந்து என்று நன்னூல் வகுத்தது. ‘வந்தானா’ என்னும் சொல்லிலேயே வினா அடங்கிவிடுகிறது. எண்ணுவதற்கு ‘உம்’ உண்டு. ஐயத்துக்குக் ‘கொல்’ உண்டு. பிறர் கூற்றை முடிக்க ‘என்று’ உண்டு. பிறமொழியார் குறியால் காட்டுவதிற் பெரும்பகுதியைத் தமிழர் இடைச்சொல்லால் காட்டினர்.

அச்சும் உரைநடையும் வந்தபின் நிலைமை மாறிற்று. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பாட்டுக்கு யாப்பே நிறுத்தத்தைத் தரும். நீண்ட உரைநடைக்கு அத்துணை இல்லை. ஆசிரியர் வாய்வழிக் கேளாமல், முன்பின் அறியாத ஒருவர் தனியே படிக்கவேண்டிய நூலுக்குக் குறிகள் வழித்துணையாயின. பாதிரிமார் நூல்களில் தலைகாட்டிய இக்குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்த பெருமை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் (1822–1879) சாரும். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளியும், அடுத்த ஆண்டு அச்சுக்கூடமும் நிறுவிய அவர், பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் சந்தி பிரித்து, குறியிட்டு அச்சிட்டார். ‘வசனநடை கைவந்த வல்லாளர்’ என்று பரிதிமாற் கலைஞர் அவரைப் போற்றியது பொருத்தமே.

இந்நடை கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. 1909இல் கெடா ஆங்கிலேயர் ஆதிக்கத்துக்கு உட்பட்டது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்டவும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்து வேலைக்கும் ஆசிரியப் பணிக்கும் தமிழர் வந்தனர். தொடக்கநாள் தோட்டப்பள்ளிகளில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராய் அமர்ந்ததும் உண்டு. பின்னர் 1924இல் ‘தமிழ் நேச’னும், 1935இல் ‘தமிழ் முரசு’ம் தோன்றின. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் நடத்திய கதை வகுப்பு, கதை எழுதுவதும் கற்றுத்தேரத் தக்க கலையே என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு உணர்த்திற்று.

கதையில்தான் குறியின் உண்மையான தேவை புலப்படுகிறது. ‘அம்மா தம்பி பசியோடு இருக்கிறான் என்றாள்’ என்று ஒரு மாணவன் எழுதுகிறான். பேசியவர் யார்? “அம்மா, தம்பி பசியோடு இருக்கிறான்” என்றாள் என எழுதினால், அக்காள் தாயிடம் முறையிடுகிறாள். அம்மா, “தம்பி பசியோடு இருக்கிறான்” என்றாள் என எழுதினால், தாயே வருந்துகிறாள். ‘என்று’ என்பது கூற்று முடியும் இடத்தைக் காட்டுமேயன்றித் தொடங்கும் இடத்தைக் காட்டாது. அக்குறையை மேற்கோட்குறி நிறைவு செய்கிறது. ‘மாமா வீட்டுக்கு வாருங்கள்’ என்பதில் ‘மாமா’வை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டால், அழைக்கப்படுபவரும் மாறுகிறார், வீடும் மாறுகிறது.

பேச்சுவழக்கில் வினாவெழுத்து இன்றியும் வினா எழும். ‘அப்பா இன்னும் வரவில்லை?’ என்று பிள்ளை கேட்கும்போது, குரலின் ஏற்றத்தைத் தாளில் ஏற்றுவது வினாக்குறி ஒன்றே. ‘மழை பெய்தது; பால்வெட்டு இல்லை; சம்பளமும் இல்லை’ என அரைப்புள்ளி இட்டால், ஒன்றால் ஒன்று விளைந்த துன்பம் ஒரே மூச்சில் தெரியும். அதனையே மூன்று முற்றுப்புள்ளிகளால் நிறுத்தினால், ஒவ்வொன்றும் தனித்தனி அடியாய் விழும். இரண்டும் பிழையல்ல, எழுதுபவன் கருத்தறிந்து தேர்தல் வேண்டும்.

1988 முதல் 2021இல் நீக்கப்படும்வரை, ஆறாம் ஆண்டு மாணவர்க்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைபெற்றது. தேர்வுக்குரிய கதை என்றவுடன், வரிதோறும் உணர்ச்சிக்குறி இட்டால் நடை சிறக்கும் என்று எண்ணுவார் உளர். எல்லா வரியும் கூவினால் எந்தக் கூவலும் செவியில் ஏறாது. சொல் உணர்த்திவிட்டதைக் குறி மீண்டும் கூறுதல் வீண். சொல் உணர்த்த மாட்டாததைக் குறி உணர்த்துதல் பயன். தேர்வு மாறினும் இவ்விதி மாறாது.

கெடாவின் தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாயின. பெரட்டுக்களத்து அதட்டலும், லயத்து வாசலில் பிள்ளையை அழைத்த தாயின் குரலும் அங்கு வாழ்ந்தோர் நினைவில்தான் உள்ளன. சுங்கைப்பட்டாணியின் சீ. முத்துசாமி போன்றோர் அவ்வாழ்வைக் கதையாக்கினர். அவருக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருதும் கிடைத்தது. அக்குரல்களைப் பேரப்பிள்ளைகளும் எழுதவேண்டுமாயின், எங்கே மூச்சு நின்றது, எங்கே குரல் உயர்ந்தது என்பதைக் காட்டும் சிறு புள்ளிகளை ஆசிரியர்கள் அவர்களுக்குப் பொறுமையோடு கற்பித்தல் வேண்டும்.