தண்டல் கட்டினவளுக்குக் கணக்கு எங்கே?

எங்க ஆயா கூடையில கீரை கொண்டு போய் விப்பா. சந்தையில குந்தினதும் தண்டல்காரன் வந்து நிப்பான். வித்தாலும் காசு, விக்காட்டியும் காசு. “இந்தக் காசு எங்க போவுது ஆயா?”ன்னு கேட்டா, “ஊருக்குப் போவுது”ன்னுவா. ஊருன்னா நாம இருக்கிற எடம் இல்ல. நாம இருக்கிறது சேரி.

இந்தப் பதிலுக்குள் உள்ளாட்சி வரலாறு முழுக்க அடங்கிக் கிடக்கிறது. ஆரணி பட்டுக்குப் பேர் போன நகரம். ஆரணி போன்ற நகரங்களில் இன்று ஜனங்களைக் கூப்பிட்டு யோசனை கேட்கிற காலம் வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1இல் தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடின. எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது, புது வருமானத்துக்கு என்ன வழி என்று வார்டு மக்களே பேசலாம். நல்லதுதான். ஆனால் நம்மிடம் காசு கேட்டது எத்தனை நூற்றாண்டு, யோசனை கேட்டது எத்தனை வருஷம் என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம்.

நெசவிலிருந்தே தொடங்கலாம். தறிக்கு வரி போடுவது இந்த மண்ணில் பழைய வழக்கம். கல்வெட்டுகளில் ‘தறி இறை’ வருகிறது. ‘பறைத்தறி’ என்றும் வருகிறது. நம்மவர்கள் தறி போட்டார்கள், அந்தத் தறிக்கும் வரி கட்டினார்கள் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சாட்சி. ‘பறையனுக்குப் பறைதான் தொழில்’ என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தச் சொல்லுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

வரி எவ்வளவு என்று ஜனங்களே தீர்மானித்த நாளும் உண்டு. விஜயநகர ஆட்சியில், 1429இல், காவிரிப் பக்கம் வலங்கை 98, இடங்கை 98 சாதியார் ஒன்றுகூடினார்கள். அரச அதிகாரிகளும் பிராமண, வெள்ளாளக் காணியாளர்களும் விளைச்சலுக்கு மிஞ்சி வாங்குகிறார்கள், இனி இவ்வளவுதான் கொடுப்போம் என்று விகிதம் நிர்ணயித்துக் கல்லில் வெட்டினார்கள். திருவைகாவூர், கொறுக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன. கொடுப்பவன் கூடிப் பேசினால் வாங்குபவன் கை நடுங்கும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

வெள்ளைக்காரன் 1884இல் நகராட்சிக்கும் லோக்கல் போர்டுக்கும் தனித்தனிச் சட்டம் போட்டான். வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு. சொத்து இல்லாதவனுக்கு ஏது வரி, ஏது ஓட்டு? சுங்கத்திலும் சந்தையிலும் நம்மிடம் பிடுங்கிய காசு மட்டும் வரியாகக் கணக்கில் ஏறவில்லை. மலம் அள்ளியவர்களின் உழைப்போ வரவிலும் இல்லை, செலவிலும் பேருக்குத்தான்.

அந்தக் காசில் போட்ட தெருவில் நடக்கவும், வெட்டிய கிணற்றில் தண்ணி மொள்ளவும் நமக்குத் தடை. 1924 ஆகஸ்ட் 22இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எங்கும் எந்தச் சாதியாரும் போகலாம் என்பதே அது. அதே 1924இல் பம்பாய் மாகாணத்தில் மகாட் நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணியைக் குடித்துக் காட்டினார். அந்த ஆகஸ்டிலேயே நகராட்சி தீர்மானத்தை ரத்து செய்தது. சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் தெரியுமா? குளம் பொதுவே இல்லை, எங்கள் சொந்தச் சொத்து என்றார்கள். 1937இல்தான் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது.

‘பொது’ என்பது யார்? பட்ஜெட்டின் முதல் வரியே இந்தக் கேள்விதான்.

73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. 1996இல் தமிழகத்தில் இட ஒதுக்கீட்டோடு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஊராட்சித் தலைவர் பதவி வெறும் நாற்காலியா? கண்மாய் மீன் குத்தகை, மரம் ஏலம், வீட்டு வரி, செலவுக் கையெழுத்து எல்லாம் சேர்ந்ததுதான் பதவி. அந்தக் கையெழுத்து சேரிக்கு வருவதைப் பொறுக்க முடியாமல்தான் 1997 ஜூன் 30இல் மேலவளவுத் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள்.

ஆகவே சபை கூடுகிறது என்றால், கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்கக் கூடாது. முன்னால் போய்ப் பேச வேண்டும். முதல் செலவு எது? சாக்கடையில் மனுஷன் இறங்காமல் இருக்க மெஷின். 2013 சட்டம் கையால் மலம் அள்ள வைப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் போட்டால் போதுமா, மெஷினுக்குக் காசு ஒதுக்க வேண்டாமா? அப்புறம் சுடுகாட்டுப் பாதை, துப்புரவுத் தொழிலாளிக்கு நிரந்தரச் சம்பளம். பட்டுக்குச் சாயம் போட்டால் சாயத்தண்ணி எங்காவது போய்த்தானே ஆகணும்? அது எந்தத் தெருப்பக்கம் போகும் என்பதும் பட்ஜெட்டுதான்.

வருமானம்? புடவை விற்கிற வரி 2017லிருந்து ஜி.எஸ்.டி. என்று டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. நகராட்சி கையில் இருப்பதில் முக்கியமானவை சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, குத்தகை. தொழில் வரிக்கு 1988 திருத்தம் வருஷத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டி வைத்திருக்கிறது. மாதச் சம்பளக்காரனுக்கும் பெரிய ஜவுளி முதலாளிக்கும் ஒரே கூரை. அந்தக் கூரையை உயர்த்து என்று சபையில் தீர்மானம் போட்டு மேலே அனுப்பலாம். சொத்து வரியில் 2022இல் சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் ஏற்றினார்கள். அந்த வித்தியாசம் தறி போட்ட ஒண்டுக்குடித்தன வீட்டையும் காக்கிறதா என்று கேட்கலாம். சந்தையில் கூடை வைத்து விற்கிற பொம்பளைகளிடம் வாங்கும் தண்டலை எடுத்துவிடச் சொல்லலாம்.

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரில் 1989லிருந்து ஜனங்கள் கூடி பட்ஜெட் போட்டார்கள். எந்தப் பேட்டைக்கு வசதி குறைவோ அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். குடிசைப் பகுதிகளுக்குச் சாக்கடைக் குழாய் போனது அப்படித்தான். இங்கே அந்த மதிப்பெண்ணைச் சாதி பார்க்காமல் போட முடியுமா? சேரிக்கு என்ன வந்தது என்று தனியாக ஒரு பத்தி எழுதாத எந்தப் பட்ஜெட்டும் ஊர்ப் பட்ஜெட்டுதான்.

ஆயா கட்டின தண்டலுக்கு ரசீது கிடையாது. நமக்கு இருக்கிறது: 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டம். வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். படிக்கத் தெரிந்தவர் தெருவில் உட்கார்ந்து மத்தவங்களுக்குப் படிச்சிச் சொல்லுங்க. அடுத்த சபைக்கு அந்தப் புத்தகத்தோடு போவோம்.