வெள்ளிக்கிழமை மதியம் பாட்டு வகுப்பு

வட வேல்ஸ் கடலோரத்தில் பிரெஸ்டாட்டின் என்றொரு சிற்றூர். 1930களில் அங்கே கிளைவ் ஹவுஸ் என்ற சிறுவர் பள்ளியின் தலைமையாசிரியர் ராபர்ட் பிரிட்டன். அவர் பள்ளியில் பாட்டு வகுப்பு வெள்ளிக்கிழமை மதியம். பையன்களின் மனசு சனிக்கிழமைக்குப் போய்விட்டிருக்கும் நேரம்.

ராபர்ட்டின் தம்பி பெஞ்சமின் பிரிட்டன் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் படித்தவர். 1933 நவம்பரில் அவருக்கு 20 வயது நிறைந்தது. அதே மாதம் அண்ணன் பள்ளிப் பையன்களுக்கென்று பாட்டு எழுதத் தொடங்கினார். 1935 ஆகஸ்டுக்குள் 12 பாட்டுகள் சேர்ந்தன. தொகுப்புக்குப் பெயர் வைக்க அவர் மெனக்கெடவில்லை. வகுப்பின் நேரத்தையே தூக்கி வைத்துவிட்டார்: 'ஃப்ரைடே ஆஃப்டர்நூன்ஸ்'. அண்ணனுக்கும் அந்தப் பையன்களுக்குமே அதைக் காணிக்கையாக்கினார்.

குழந்தைப் பாட்டு என்றால் நீதி சொல்லும் பாட்டு என்று நினைப்பவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். வால்டர் டி லா மேர் தொகுத்த கவிதைத் திரட்டு ஒன்றிலிருந்து பல பாடல்களை பிரிட்டன் பொறுக்கி எடுத்தார். தன் பின்னல் ஜடை முதுகுப் பக்கமே தொங்குகிறதே என்று வருந்தி, சுற்றிச் சுற்றித் திரும்பிப் பார்க்கும் ஓர் ஆளைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் தாக்கரே எழுதிய வேடிக்கைப் பாட்டு பிரிட்டனின் தொகுப்பில் உண்டு. குரங்கு வருகிறது, ஏர் வருகிறது, மீன்பிடிப்பும் வருகிறது.

பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள். பயிற்சியில்லாத குரல்களிடம் வேறென்ன கேட்க முடியும்? ஆனால் பியானோ சும்மா இருப்பதில்லை. பாடுபவர்களின் மெட்டையே திருப்பி வாசித்துக் கைபிடித்து நடத்தாமல், தன் போக்கில் வேறொன்றைச் சொல்கிறது. பையன்கள் பாடுவது எளிது. கேட்பவர் காதில் விழுவது எளிதல்ல. பிரிட்டனின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. 'குக்கூ' பாட்டில் ஒரு பிரிவு மெட்டைப் பாட, இன்னொரு பிரிவு குயில் கூவுவதுபோல் இரண்டே சுரங்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. அந்த இரண்டு சுரம் எந்தப் பையனுக்கும் வரும்.

கடைசிப் பாட்டு 'ஓல்ட் ஏபிரம் பிரவுன்'. ஊரில் ஒரு கிழவர் இறந்துபோன செய்திதான் பொருள். ஒரு குழு தொடங்க, அடுத்தடுத்த குழுக்கள் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகின்றன. முடியும் தறுவாயில் சிலர் அதைப் பாதி வேகத்தில் பாட, மற்றவர்கள் பழைய வேகத்திலேயே பாடுகிறார்கள். கையிலிருப்பது சின்ன மெட்டு. கேட்கும்போது பெரிய சவ ஊர்வலமே போவதுபோல் இருக்கும். மதிய வகுப்புப் பையன்களை நம்பி ஒருவர் இதை எழுதியிருக்கிறார்!

பின்னாளில் 'பீட்டர் கிரைம்ஸ்' ஆபெராவாலும் 'வார் ரெக்வியம்' படைப்பாலும் பிரிட்டன் உலகப் புகழ் பெற்றார். இந்தச் சின்னப் பாட்டுகளும் காணாமல் போகவில்லை. 2012இல் வெஸ் ஆண்டர்சனின் 'மூன்ரைஸ் கிங்டம்' படத்தில் 'குக்கூ' ஒலித்தது. 2013 நவம்பர் 22, பிரிட்டனின் நூற்றாண்டுப் பிறந்தநாள், வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. அன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பாட்டுகளைப் பாடினார்கள்.

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருபவர்கள் 'ஓல்ட் ஏபிரம் பிரவுன்' பாட்டை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மெட்டு சுலபமாகப் பிடிபடும். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்துவிட்டால் போதும்.