பால்மரமும் ஆசையும்

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அவர்களுக்குத் துணைநின்ற தமிழ் வணிகர் நைனா சாத்து பெண்டஹாரா என்னும் உயர் அதிகாரி ஆனார். கடல் கடந்து சரக்கு ஏற்றிப்போன கப்பலில் அவரும் போர்த்துகீசிய அரசும் பங்காளிகள். 1514இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் சுல்தானுக்குக் கொடுத்ததும், சிதை அடுக்கித் தீயில் இறங்கினார். அவரது ஆசையைத் தீர்மானித்ததே அந்தப் பதவிதான்; அது போனபின் அவருக்கு ஆசைப்பட எதுவும் மிஞ்சவில்லை. அதே மலாக்காவில் 1896இல் சீன வம்சாவளித் தொழிலதிபர் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகான். அப்படிப் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிவந்த தமிழர் எதற்கு ஆசைப்பட்டார்கள்? அதையும் செய்த வேலையே தீர்மானித்தது என்பேன்.

வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. உளி பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். சற்று ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. மங்கு (கிண்ணம்) மங்காகப் பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குச் சுமக்க வேண்டும். குடியிருந்த லயமோ (வரிசை வீடு) தோட்டத்துச் சொத்து. வேலை போனால் வீடும் போகும். இப்படி வாழ்ந்தவருக்கு மகன் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஆவதே பெரிய ஆசை.

ஊரில் நிலம் வாங்கும் ஆசையோடுதானே கப்பல் ஏறினார்கள், அது தோட்டம் தந்ததா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் 1930களில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938இல் தொழிலாளரைக் கூட்டிவருவதற்கு இந்திய அரசு தடை போட்டது. தங்கிவிட்டவர்களுக்கு ஊர் நிலம் தூரமாகிப்போனது. பிறகு 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழக்கும் நிலை வந்தது. இதைத் தடுக்க 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணம் போனது தோட்டங்களையே வாங்க! அதே மரம், அதே உளி. துரை மட்டும் வேண்டாம்.

அது சம்பந்தனின் கனவு, தொழிலாளர்கள் வேலை போய்விடுமோ என்று பயந்து பணம் கட்டினார்கள் என்பாரும் உண்டு. பயம் இருந்தது; வேலையோடு வீட்டையும் முடிச்சுப் போட்டு வைத்த தோட்டம் ஊட்டிய பயம் அது. ஆனால் பயம் மட்டுமே என்றால் அந்த 10 வெள்ளியை அஞ்சலகச் சேமிப்பில் போட்டிருப்பார்கள்.