பிட்டநிலைப் பிரசவம்

நிறைமாதத்தில் 100 குழந்தைகளில் 3 அல்லது 4, பிட்டமோ காலோ கீழ்நோக்கியபடி இருக்கும். சுகப்பிரசவத்தில் தலை கடைசியில் வருவதால் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பிப் பார்ப்பது முதல் வழி. ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலிக்கும். திரும்பாவிட்டால் சிசேரியனா என்ற கேள்வி எழும். 26 நாடுகளில் மேரி ஹன்னா குழுவினர் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு, திட்டமிட்ட சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்றது. மருத்துவமனைகள் பல உடனே அதற்கு மாறின. 2004இல் வந்த தொடராய்விலோ, இரண்டு வயதில் இறப்பிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் வேறுபாடு தெரியவில்லை. அதற்குள் பிட்டநிலைச் சுகப்பிரசவம் பார்ப்பதில் கைத்தேர்ச்சியுள்ள மருத்துவர்கள் அருகிவிட்டனர். பெரும் இழப்பு இது. பாதம் முந்தினாலோ, குழந்தையின் தலை பின்னோக்கி நிமிர்ந்திருந்தாலோ அறுவையே தக்கது. மற்றவர்களுக்கு, குழந்தையின் எடையையும் பிரசவம் பார்ப்பவரின் அனுபவத்தையும் எடுத்துச் சொல்லி, தாயின் விருப்பத்தைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.