பெயரில் இல்லாத லெப்பை

தென்காசியில் மாணவர் வருகைப் பதிவேட்டை நாம் படிக்கையில் அரபுப் பெயர்கள் அணிவகுக்கும்; ‘லெப்பை’ என முடிவதோ அரிதினும் அரிது. அவர்களிற் பலரது சாதிச் சான்றிதழைப் பாருங்கள், தோழர்களே! அங்கே ‘லெப்பை’ வீற்றிருக்கும்!

ஹஜ் பயணியர் முழங்கும் ‘லப்பைக்’ எனும் அரபுச் சொல்லே மூலம் என்பர் பலர். ‘இதோ வந்தேன்’ என்பது பொருள். ஊரோ, பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்தவரை லெப்பை என்றது. (ஆசிரியப் பட்டமன்றோ! எமக்கும் சிறு உவகை.) பணியின் பெயர் பிறப்பின் பெயரானது எங்ஙனம்? ஓதாத மகனும் அதைச் சூடினான். அரசுப் பட்டியலோ ராவுத்தரையும் மரைக்காயரையும் லெப்பைக்குள்ளேயே அடக்கியது. குதிரைவீரனைக் குறித்த ‘ராவுத்தர்’ அரபே அன்று!

1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. லெப்பைப் பட்டமும் பெயர்களினின்று உதிர்ந்தது. தந்தையின் முதலெழுத்தே போதுமாயிற்று. சான்றிதழில்? 2007இல் வந்த 3.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு அது வேண்டும். குற்றாலச் சாரலில் நனையாமல் அத்தாளைச் சட்டைக்குள் பொத்திக் கொணரும் சிறுவனிடம், கிழித்தெறி என நாம் சொல்லோம்.