ஒற்றை நொதியிலிருந்து பத்துப் படிகள் வரை: கிளைக்காலிசிஸ் கண்டறியப்பட்ட வரலாறு (1897–1940)

ஆய்வுச்சுருக்கம்

செல்கள் குளுக்கோஸைப் பிளந்து ஆற்றல் பெறும் கிளைக்காலிசிஸ், பாடநூல்களில் பத்துப் படிகள் கொண்ட நிறைவுற்ற வரிசையாகவே இடம்பெறுகிறது. அவ்வரிசை உருவான காலத்தில் நோபல் பரிசு பெற்றோரின் விளக்கங்களும் திருத்தப்பட்டன. வினை தடைப்பட்ட இடங்களே அத்திருத்தங்களுக்கு வழிவகுத்தன என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கிளைக்காலிசிஸ், நொதித்தல், சைமேஸ், பாஸ்பேட், லாக்டிக் அமிலம், ஏ.டி.பி.

முன்னுரை

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாக மாறும்போது செல்லுக்கு நிகர லாபமாக இரண்டு ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கின்றன. இதன் தொடர்ச்சியாக ஈஸ்ட்டில் ஆல்கஹாலும், ஆக்சிஜன் போதாத தசையில் லாக்டிக் அமிலமும் தோன்றுகின்றன. இவ்விரண்டும் ஒரே பாதையின் கிளைகள் என்பது தொடக்கத்தில் அறியப்படவில்லை. நொதித்தல் உயிருள்ள செல்லின் செயல் என்பதே லூயி பாஸ்டரின் நிலைப்பாடாக இருந்தது.

1. செல் இன்றி நொதித்தல்

1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலுடன் சேர்த்து அரைத்து, அழுத்திப் பிழிந்து சாறெடுத்தார். அச்சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்க்கப்பட்டபோது குமிழிகள் எழுந்தன. செல் சிதைந்த பின்னரும் நொதித்தல் நிகழ்ந்தது. இதற்குக் காரணமான பொருளை அவர் ‘சைமேஸ்’ என்றழைத்தார். 1907-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். உயிராற்றல் என்னும் கருத்து இதனால் வலுவிழந்தது. எனினும், சைமேஸ் ஒற்றை நொதி என்னும் கருத்து நிலைக்கவில்லை.

2. பாஸ்பேட்டின் பங்கு

ஈஸ்ட் சாற்றில் நொதித்தல் விரைவில் தளர்ந்தது. இத்தளர்ச்சியை ஆராய்ந்த ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் பாஸ்பேட் சேர்த்தவுடன் வினை மீண்டும் விரைவுறுவதையும், அந்தப் பாஸ்பேட் சர்க்கரையுடன் இணைவதையும் கண்டனர். சாற்றை வடிகட்டி இரு பகுதிகளாகப் பிரித்தபோது எந்தப் பகுதியும் தனித்துச் செயல்படவில்லை. இரண்டையும் சேர்த்தபோது நொதித்தல் நிகழ்ந்தது. சைமேஸ் பல நொதிகளும் துணைப் பொருள்களும் கொண்ட தொகுதி என்பது இவ்வாறு படிப்படியாகப் புலனாயிற்று.

3. தசையும் லாக்டிக் அமிலமும்

தசை ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஓட்டோ மேயர்ஹோஃப், லாக்டிக் அமிலம் உருவாவதே தசைச் சுருக்கத்திற்கான ஆற்றலைத் தருகிறது எனக் கருதினார். 1930-இல் டென்மார்க்கின் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், அயோடோ அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட தசை, லாக்டிக் அமிலம் உருவாகாமலேயே சில நேரம் சுருங்குவதைக் காட்டினார். அப்போது பாஸ்போகிரியேட்டின் குறைந்தது. சுருக்கத்தின் உடனடி ஆற்றல் பாஸ்பேட் சேர்மங்களிலிருந்து வருகிறது என்பதும், அவற்றை மீளுருவாக்குவதே சர்க்கரைச் சிதைவின் பணி என்பதும் தெளிவாயின. கார்ல் லோமான் 1929-இல் தசையிலிருந்து பிரித்தறிந்த ஏ.டி.பி. இதனால் மையப் பொருளாயிற்று.

4. பாதை நிறைவுறுதல்

ஃபுளூரைடு சேர்க்கப்பட்டபோது பாஸ்போகிளிசரிக் அமிலம் தேங்கியது. நடுவழியில் மட்டும் தோன்றி மறையும் சேர்மம் இவ்வாறு கைக்குக் கிட்டியது. 1933-இல் குஸ்தாவ் எம்டன் பாதையின் வரைவை முன்வைத்தார், அவ்வாண்டே காலமானார். யாகுப் பார்னாஸ் பாஸ்பேட் தொகுதி ஒரு சேர்மத்திலிருந்து மற்றொன்றிற்கு நேரடியாக இடம்பெயர்வதை விளக்கினார். யூதரான மேயர்ஹோஃப் 1938-இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. 1940 அளவில் பாதை பெரும்பாலும் தெளிவுற்றது. அம்மூவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது.

முடிவுரை

புக்னரின் ஒற்றை நொதியும் மேயர்ஹோஃபின் லாக்டிக் அமிலக் கோட்பாடும் கைவிடப்பட்டன. அவர்களின் சோதனை முடிவுகள் நிலைத்தன. தளர்ந்த சாறு, நஞ்சூட்டப்பட்ட தசை, தேங்கிய அமிலம் ஆகியவை அடுத்த படியைக் காட்டின. மூவர் பெயர் தாங்கிய இப்பாதை, ஈஸ்ட்டையும் தசையையும் தனித்தனியே ஆராய்ந்த பலரின் கூட்டு உழைப்பில் உருவானது. பத்துப் படிகளைக் கற்பிக்கும்போது இத்திருத்தங்களையும் சேர்த்துக் கற்பித்தால், அறிவியல் முடிவு எவ்வாறு உருவாகிறது என்பதை மாணவர் உணர இயலும்.